அகலமான எழுத்தும் குட்டையான அண்ணனும்

நான் எழுத்து வரைகிறவள். திருநகரில் இதை யாரும் நம்புவதில்லை. கீழ்வீட்டு அக்கா, நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துச் சம்பாதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தன் மகளுடைய கல்யாண பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். மறுக்க முடியாமல் அடித்துக் கொடுத்தேன். பிழையே இல்லை என்று பாராட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, சந்தேகம் அதைவிட அடிப்படையானது. "தமிழ் எழுத்துதேன் ஏற்கனவே இருக்கே, அதை எதுக்கு மறுபடி செய்யணும்?" என்று கேட்டார். நாற்காலிகூடத்தான் ஏற்கனவே இருக்கிறது, அதற்காகத் தச்சர்கள் வேலையை விட்டுவிட்டார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. அத்தையிடம் அப்படியெல்லாம் கேட்க முடியாது. "இது புது மாடல் அத்தை" என்று சொல்லிவைத்தேன். புது மாடல் என்று சொல்லிவிட்டால் மதுரையில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அந்தப் புது மாடல் ஓர் அகல எழுத்து. வட்டம், சதுரம், நேர்கோடு இவற்றை மட்டும் வைத்துக் கட்டியது. நுனியில் வால் கிடையாது, கொம்பு கிடையாது, பேனாவை அழுத்திய தடமும் தூக்கிய தடமும் கிடையாது. கோடு எங்கே பார்த்தாலும் ஒரே தடிமன். உயரம் கம்மி, அகலம் தாராளம். ஆங்கிலத்தில் இந்த ஜாதி எழுத்தை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பைபாஸ் ரோட்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் நெற்றியில் இருக்கும். ஸ்கேன் சென்டர் வாசலில் இருக்கும். நாலுவழிச் சாலை ஓரம் பொட்டல் காட்டில் வளைவு கட்டி பிளாட் விற்கிறார்களே, அந்த வளைவில் கட்டாயம் இருக்கும். சின்ன வார்த்தைதான் என்றாலும் ஒவ்வொரு எழுத்தும் காலை அகட்டிக்கொண்டு, எனக்கு எந்த அவசரமும் இல்லை என்கிற தோரணையில் நிற்கும்.

என்னைக் கேட்டால் அகல எழுத்து வசதிக்காரர்களுடைய எழுத்து. சொல்வதற்கு விஷயம் அதிகம் இல்லாதவர்கள்தான் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு சொல்ல முடியும். நம்முடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். இறந்தவர், அவருடைய பட்டப்பெயர், மகன்கள், மருமகன்கள், பேரன்கள், பங்காளிகள், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் என்று அத்தனை பேரையும் ஒரே தாளில் ஏற்றியாக வேண்டும். அங்கே எழுத்து ஒல்லியாகத்தான் இருக்க முடியும். ஒருத்தர் பேர் விட்டுப்போனால் அடுத்த போஸ்டர் நமக்கே அடிக்கும்படி ஆகிவிடும்.

வெளிநாட்டில் ஓர் எழுத்துருக் கம்பெனி, தங்களுடைய ஆங்கில அகல எழுத்துக்குத் தமிழில் ஒரு ஜோடி வேண்டும் என்று என்னிடம் கேட்டது. ஒத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தமிழ் எழுத்தின் சேட்டையெல்லாம் தெரிய வந்தது. சில எழுத்துகள் நல்ல பிள்ளைகள். ட என்பது ஒரு மூலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ப மூன்றே கோடு. அதை நன்றாக அகட்டி வரைந்தால் உள்ளே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். ண வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. மூன்று சுழியையும் முழு வட்டமாகப் போட்டு அகட்டினால் கூடல்நகரில் நிற்கிற கூட்ஸ் வண்டி மாதிரி அது நீண்டுகொண்டே போகிறது. சுழியைக் குறுக்கினால் பக்கத்தில் நிற்கிற ட ஏளனமாகப் பார்க்கிறது. ண-வோடு நான் சண்டை போட்ட காலத்தில் வீட்டில் எல்லாரும் என்னிடமிருந்து ஒதுங்கியே இருந்தார்கள்.

இன்னொரு தொல்லை, கண். காம்பஸை வைத்துச் சுத்தமாக ஒரு வட்டம் போட்டால் கண் அதை வட்டம் என்று ஒத்துக்கொள்ளாது. எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் போட்டால் படுக்கைக் கோடு மட்டும் தடித்துத் தெரியும். அதை யாருக்கும் தெரியாமல் மெலிக்க வேண்டும். தலை தட்டையான எழுத்தையும் தலை உருண்டையான எழுத்தையும் ஒரே உயரத்தில் வைத்தால் உருண்டை குள்ளமாகத் தெரியும். அதனால் உருண்டையைக் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை தூக்கி வைக்க வேண்டும். சமமாகத் தெரிய வேண்டும் என்றால் சமமாக வைக்கக் கூடாது. இந்தத் தொழிலின் அரிச்சுவடியே இதுதான்.

எல்லாம் முடிந்து அனுப்பிய பிறகு, இந்த வடிவத்துக்கான தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார்கள். எங்கிருந்தும் வரவில்லை, நீங்கள் கேட்டீர்கள், நான் வரைந்தேன் என்று எழுத முடியாது. மதுரைக்காரி என்றால் கோயிலைச் சொல்லியாக வேண்டும். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே விழும் வெளிச்சத்தின் அகலம் என்று எழுதி அனுப்பினேன். அந்த மண்டபத்துக்கு நான் கடைசியாகப் போனது பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில். அன்றைக்கு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, தொலைந்துபோன செருப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் உருகிப்போய்ப் பதில் எழுதினார்கள். அந்தப் பத்தி இன்றைக்கும் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இதற்கு அப்பீலே கிடையாது. அப்பா பக்கத்தில் நிற்கலாம், ஆசாரி ஊசியோடு காத்திருக்கலாம், பந்தியில் இலைகூட விழுந்திருக்கலாம். மாமன் மடி வராமல் ஊசி இறங்காது.

என் கூடப்பிறந்தது ஒரே ஓர் அண்ணன். கொட்டாம்பட்டியில் அம்மாவோடு இருக்கிறான். எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சுற்றுப்பட்டு ஊர்களில் எரிந்துபோகிற கிணற்று மோட்டாரெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். ஆள் குட்டை, ஆனால் நல்ல அகலம். வாசல் வழியாக வந்தால் யாரோ பீரோவை நகர்த்திக்கொண்டு வருகிறார்கள் என்று தோன்றும். எனக்கும் அவனுக்கும் சண்டை வந்ததே கிடையாது. அவனிடம் சண்டை போடுவது கஷ்டம், பாதியிலேயே சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவான்.

விழா பிளெக்ஸை நானே என் எழுத்தில் செய்வது என்று முடிவெடுத்தேன். எவ்வளவு காலம்தான் ஸ்கூட்டர் ஷோரூமுக்கே உழைப்பது. எங்கள் பக்கம் காதணி விழா பிளெக்ஸுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. நடுவில் பிள்ளை, தலையில் கிரீடம், கையில் செங்கோல், காலடியில் சிங்கம். ஒரு பக்கம் தாய்மாமன் கறுப்புக் கண்ணாடியோடு காரிலிருந்து இறங்க வேண்டும். கார் யாருடையது என்று கேட்கக் கூடாது. கீழே பேர்கள். பேரின் உயரம்தான் மரியாதை. தாய்மாமன் பேர் மற்ற எல்லார் பேரையும்விட உயரமாக, தங்கக் கலரில், சிவப்புக் கரை கட்டி நிற்க வேண்டும்.

நான் இந்தச் சட்டம் முழுவதையும் மீறினேன். வெள்ளைப் பின்னணி. மகள் பல் தெரியச் சிரிக்கிற ஒரு படம். சிங்கம் கிடையாது. அண்ணன் பேர் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கறுப்பில், என் அகல எழுத்தில். அவன் பேர் ரொம்ப நீளம். அதில் ண வேறு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிளெக்ஸின் அகலம் முழுக்க நிரப்பியும் உயரம் ஒரு சாண்தான் வந்தது. என் கண்ணுக்கு அது கம்பீரமாக இருந்தது. அச்சுக்கு அனுப்பும் முன்னால் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்.

"ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்குத்தா" என்று அம்மா பதில் அனுப்பினார். சித்தி சிங்கம் எங்கே என்று கேட்டார். திருப்பூரில் இருக்கிற மாமன் மகன் ஏதோ எழுதியிருந்தான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நான் அப்போது கிரைண்டரில் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, சுண்டுவிரலால் நானும் ஒரு சிரிப்பு முகத்தை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது, அண்ணன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது.

அம்மா போனில் வந்தார். "உங்க அண்ணன் காதுகுத்துக்கு வரலையாம்த்தா. எம்பேரைத் தரையோட தரையாப் போட்டு அமுக்கிட்டாங்கறான். நீயாச்சு, உங்க அண்ணனாச்சு. நான் ரெண்டு பக்கமும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு பக்கமும் அரைமணி நேரம் பேசினார். நான் எடுத்துச் சொன்னேன். உயரம் குறைந்தால் என்ன, அகலத்தில் சேர்ந்திருக்கிறதே, மொத்த இடத்தைப் பார்த்தால் அண்ணன் பேர்தானே பிளெக்ஸிலேயே பெரியது என்று கணக்குச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அவன்ட்டச் சொல்லிறாத, இன்னும் கோவப்படுவான்" என்றார்.

பழங்காநத்தத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். எங்கள் குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதும் அவருடைய மிஷினில்தான் அச்சாகும். அவருக்கு என் எழுத்தின் மேல் ஒரு புகார் உண்டு. "உங்க எழுத்துல காத்து ஜாஸ்தி தங்கச்சி. உள்ள எம்புட்டு எடம் சும்மா கெடக்கு" என்பார். சதுரஅடிக் கணக்கில் சம்பாதிக்கிற மனிதர் சும்மா கிடக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாது, ஆனால் அவர் அப்படித்தான். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இம்புட்டு? ரெண்டு நிமிஷ வேலை" என்று அண்ணன் பேரின் தலையில் மவுஸை வைத்து மேலே இழுத்தார்.

அந்தக் கோலத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. படுக்கைக் கோடெல்லாம் தடித்து, நிற்கிற கோடெல்லாம் அப்படியே ஒல்லியாக நின்றன. வட்டங்கள் சுரைக்காயாகிவிட்டன. நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய ண, கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போல விழித்தது. "விட்டுருங்க பாய்" என்று மவுஸைப் பிடுங்கினேன்.

அவர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, நேராக் கேக்குறேன். ஒங்களுக்கு எழுத்து வேணுமா, அண்ணன் வேணுமா?"

ரெண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அத்தை மாற்று ஏற்பாட்டில் இறங்கியிருந்தார். நாகமலை புதுக்கோட்டையில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். எனக்கு அண்ணன் முறை. அதனால் என் மகளுக்கு அவனும் தாய்மாமன்தான். ஆறடி உயரம், தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்பு. "மடி யாரு மடியா இருந்தா என்னம்மா? முறை சரியா இருந்தாப் போதும்" என்றார் அத்தை. தப்பாகச் சொல்லவில்லை, அவருக்கு விழா நின்றுபோகாமல் நடக்க வேண்டும், பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அவன் அதற்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். நான் கேட்கவே இல்லை. காரும் இருந்தது.

மகளிடம் மெதுவாகக் கேட்டேன், அந்த மாமா மடியில் உட்காருகிறாயா என்று. அவள் யோசித்துவிட்டு, "அந்த மாமா மடி எலும்பா இருக்கும்மா, குத்தும்" என்றாள். "கொட்டாம்பட்டி மாமாவுக்குக் காச்சலா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை இதை எழுத்துத் தகராறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்து, அண்ணன் பேருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் உயரமாகத் தனியே வரைந்தேன். பாய் இழுத்த மாதிரி இழுக்கவில்லை. ஒவ்வொரு கோட்டையும் புதிதாகத் திருத்தி, ண-வுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நான் வரைந்த எழுத்து எதுவோ அது இல்லை இது. பிடிக்காவிட்டால் போகிறது, ஊசி இறங்கட்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். மேலூர் தாண்டும் வரைக்கும் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டு போனேன். அத்தனையும் உயரமான எழுத்து, அத்தனையும் யாரோ மவுஸால் இழுத்தது.

அண்ணன் கடையில் பிளந்துபோட்ட மோட்டார் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். "வாத்தா" என்றான். "சாப்ட்டியா?" கோபமாக இருக்கிறவன் கேட்கிற கேள்வியா இது. நான் சாப்பிடவில்லை என்றதும் டீக்கடையிலிருந்து வடை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

நான் என் கணக்கை எடுத்துவிட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தும் எடுத்துவிட்டேன். உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பெருக்கினால் உன் பேர்தான் பெரிசு அண்ணே என்றேன்.

அவன் கம்பியை விட்டு நிமிரவில்லை. "அகலம் எம்புட்டு இருந்தா என்னத்தா. ஆளை உயரத்துலதேன் அளப்பாக. அகலத்தை எவனும் கணக்குல சேத்துக்க மாட்டான்."

"சரி, அதுக்குத்தேன் உயரமாவே வரைஞ்சு கொண்டாந்துட்டேன்." தாளை விரித்துக் காட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தான். அப்புறம் தன் போனை எடுத்து, எதையோ தேடி, என்னிடம் நீட்டினான்.

குழுவை விட்டுப் போகும் முன்னால் படம் பிடித்து வைத்திருக்கிறான். திருப்பூர் மாமன் மகன் எழுதியது: "மச்சானுக்கு போட்டோவே வேணாம். பேரைப் பாத்தாலே ஆளு தெரியுது. அதே குட்டை, அதே அகலம்." கீழே சிரிப்பு முகங்கள். அதில் ஒன்றின் மேல் என் பேர் இருந்தது.

"அவன் மாமன் மகன். கேலி பண்ற முறை. பள்ளிக்கூடத்துலருந்து கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன், இன்னும் ஆயிரம் பண்ணட்டும்" என்றான் அண்ணன். "நீ எதுக்குத்தா சிரிச்ச?"

"மாவு அள்ளிக்கிட்டு இருந்தேன்ணே. படிக்காமலே போட்டுட்டேன்."

சத்தியமான வார்த்தை. ஆனால் சொல்லும்போதே என் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது. மோட்டார் தானாகவே எரிந்துபோச்சு என்று சொல்கிற தோட்டத்துச் சம்சாரிகளைப் பார்த்துத் தலையாட்டுவானே, அதே மாதிரி தலையாட்டினான். எனக்கு அவமானமாக இருந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும் என்றிருந்தது.

"அவன் சொன்னது சரிதேன்" என்று சொல்லிவிட்டேன். "அந்த எழுத்து உன்னைப் பாத்து வரைஞ்சதுதேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் தூண் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. அண்ணன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "என்னையவா?"

ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே. "மேலூர் பள்ளிக்கூடத்துக்கு ஒன்னாப் போவோம்ல, அந்த பஸ்ஸுல நீ எப்படி நிப்ப? வளந்தவனெல்லாம் மேல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, பிரேக் போட்டா எம்மேல வந்து சாய்வானுக. ஒனக்கு மேல் கம்பி எட்டாது. நீ ரெண்டு பக்கத்து சீட்டுக் கம்பியையும் ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு, காலை அகட்டிக்கிட்டு குறுக்க நிப்ப. ஒன்னையத் தாண்டி ஒருத்தனும் வர முடியாது. ஒம்பின்னால நானும் எம் புத்தகப்பையும் நிக்கிறதுக்கு எடம் கிடக்கும். அம்புட்டுக் கூட்டத்துலயும் நான் மட்டும் காத்தோட்டமா நின்னுக்கிட்டு வருவேன்."

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு ப வரைந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் கேட்ட அகலத்தோடு நான் அன்றைக்கு நிறுத்தவில்லை. போதாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இரண்டு கோட்டையும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனேன். எது வந்ததும் சரி என்று நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தது. புளுகு என்று நினைத்து ஆரம்பித்தது உண்மையாகப் போய்விட்டது.

அண்ணன் கழிவுத்துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கையை இன்னொரு தடவை துடைத்தான். அப்புறம் நான் கொண்டுபோன தாளை எடுத்துச் சுருட்டி என்னிடமே கொடுத்தான்.

"அப்பறம் எதுக்கு இதை உயரமாக்குன? அகலமாவே போடு."

"சரிண்ணே."

"சிங்கம் வேணும்."

"அண்ணே, வெள்ளைப் பின்னணியில சிங்கம் நல்லா இருக்காதுண்ணே."

"சிங்கம் வேணும்த்தா. புள்ளைக்குக் கிரீடமும் வையி. கண்ணாடி போட்ட போட்டோ ஒன்னு எங்கிட்ட இருக்கு, அனுப்புறேன்."

தாளைப் பையில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன்.

பஸ் மாட்டுத்தாவணி வந்து சேரும் முன்னால் அண்ணன் அம்மாவிடம் சொல்லிக் குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டான். சேர்ந்ததும் ஒரு செய்தி போட்டான். "அது எந்தங்கச்சி என்னையப் பாத்து வரைஞ்ச எழுத்து. வெளிநாட்டுல விக்கிது. சிரிக்கிறவுக இப்பச் சிரிக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை. திருப்பூர் மாமன் மகன் கைகூப்பி ஒரு படம் போட்டான். அத்தை அந்த ஆறடிக்காரனைக் கூப்பிட்டு, பந்தியைக் கவனிக்கிற பொறுப்பு உனக்குத்தான் தம்பி என்று சொல்லிவிட்டார்.

பாய் கடையில் சிங்கத்தை இறக்கினோம். என் சுத்தமான வெள்ளைப் பின்னணியில் அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மகளுக்குக் கிரீடம் வைத்தோம். கார் வைத்தோம். "எழுத்தை மட்டும் தொடக் கூடாது பாய்" என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். தனியாக இருந்த ஒரு நிமிஷத்தில் நான் அண்ணன் பேரை மட்டும், அகலத்தையும் உயரத்தையும் சேர்த்து, ஓரத்தைத் தொடும் அளவுக்கு ஒரு மயிரிழை பெரிதாக்கினேன். கண்ணுக்குத் தெரியாது. சரியாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

விழாவன்றைக்குத் திருநகர் மண்டபத்து வாசலில், ரோட்டோரம் அந்த பிளெக்ஸ் நின்றது. என் தொழில்காரர்கள் யாராவது பார்த்தால் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணன் மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு பிளெக்ஸைப் பார்த்தபடி நின்றான். பின்னால் தட்டுத் தூக்கிவந்த பெண்கள் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். அவன் காலை அகட்டி நிற்பதையும் பேர் நிற்பதையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். திருப்பூர்க்காரன் போனை எடுத்து, "மச்சான், அப்படியே நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான். அண்ணன் நின்று கொடுத்தான்.

உள்ளே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து மகளை மடியில் வாங்கிக்கொண்டான். முதல் காதுக்கு அவள் போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டிருக்கும். அதைப் படம் பிடிக்கச் சுற்றிலும் போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நெருக்கினார்கள். ஆசாரிக்கே கையை நீட்ட இடமில்லை. அண்ணன் இரண்டு முழங்கையையும் மெதுவாக அகட்டினான். கூட்டம் தானாகப் பின்னால் போனது. மகள் அழுகையை நிறுத்தி, சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். காலை மடக்கி, மாமன் மடிக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது காதுக்கு அவளே தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.